யாரிடமிருந்து வந்தது?

“எத்தனை நாளா இருக்கும்மா?” என்று மருத்துவர் கேட்டார். இரண்டு மாதமாக என்றேன். அடுத்து அவர் பக்கத்து நாற்காலியில் இருந்த என் இணையரைப் பார்த்து, “சார், நீங்க கொஞ்சம் வெளியே வெயிட் பண்றீங்களா?” என்றார். இணையர் எழுந்து போனார். கதவு சாத்தியதும் மருத்துவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கல்யாணத்துக்கு முன்னாடி ஏதாவது...?” என்று இழுத்தார்.

எனக்குப் பிறப்புறுப்பில் மரு வந்திருந்தது. மூன்று நான்கு, மிளகு அளவுக்கு. வலி இல்லை, கொஞ்சம் அரிப்பு மட்டும். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ஒருவழியாக இணையரிடம் சொன்னபோது, “ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்” என்றார். பதினோரு ஆண்டுத் திருமண வாழ்க்கையில் அதற்கு முன் நாங்கள் சேர்ந்து மருத்துவமனைப் படியேறியது ஒரே காரணத்துக்காகத்தான். குழந்தை. கருத்தரிப்பு மையத்தில் எங்கள் இருவரையும் ஒன்றாகத்தான் கூப்பிட்டார்கள். ஒரே கோப்பு, இரண்டு பெயர். அவருக்கும் பரிசோதனை, எனக்கும் பரிசோதனை. குழந்தை என்று வந்தால் நாங்கள் தம்பதி. மரு என்று வந்தால் அவர் ‘சார்’, நான் ‘ம்மா’, நடுவில் ஒரு கதவு.

அந்தக் கதவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சிகிச்சைக்குச் சேர்ந்து போகும் இருவரை நம் மொழியும், மருத்துவமனையின் அமைப்பும், சுவரில் ஒட்டியிருக்கும் விழிப்புணர்வுச் சுவரொட்டியும் எப்படிப் பிரித்து உட்கார வைக்கின்றன என்பதை, ஒரு பிரதியை வாசிப்பதுபோல வாசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

வைரஸுக்குத் தெரியாத பதில்

முதலில் விவரம். ஏனென்றால் எனக்கு இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. நானே தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

பிறப்புறுப்பில் வரும் மருவுக்குக் காரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்பிவி. இதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பிறப்புறுப்பு மருக்களில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு 6, 11 என்று எண்ணிடப்பட்ட இரண்டு வகைகள் காரணம். கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற வேறு இரண்டு வகைகள் காரணம். மருவை உண்டாக்கும் வகைகள் வேறு, புற்றுநோயை உண்டாக்கும் வகைகள் வேறு. மரு வந்தவருக்கெல்லாம் புற்றுநோய் வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஒருவருக்கே இரண்டு வகையும் தொற்றியிருக்கலாம் என்பதால், மரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெண்கள் அவரவர் வயதுக்குரிய கருப்பைவாய்ப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

இது தோலோடு தோல் உரசுவதில் பரவுகிறது. ஆணுறை பாதுகாப்பைக் கூட்டும். ஆனால் அது மூடாத தோல் வழியாகவும் வைரஸ் வரும் என்பதால் முழுதாகத் தடுக்காது. பாலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வந்து போகிறது. பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. பெரும்பாலான தொற்றுகளை உடலே ஓரிரு ஆண்டுகளில் அடக்கிவிடுகிறது.

முக்கியமான செய்தி இனிமேல்தான் இருக்கிறது. தொற்று ஏற்பட்டுச் சில வாரங்களிலும் மரு வரலாம், பல மாதங்கள் கழித்தும் வரலாம், ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்துவிட்டும் வரலாம். ஆகவே இன்று தெரியும் மருவை வைத்து, தொற்று எப்போது வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. யாரிடமிருந்து வந்தது என்றும் சொல்ல முடியாது. முதலில் யாருக்கு மரு தெரிந்ததோ அவர்தான் கொண்டுவந்தார் என்பதும் பொய்க் கணக்கு. ஒருவர் உடலில் தெரியாமலே இருந்த வைரஸ் இன்னொருவர் உடலில் மருவாகத் தலைகாட்டும்.

இதெல்லாம் தெரிவதற்கு முன்னால் நான் செய்த காரியத்தையும் எழுதிவிடுகிறேன். இணையர் குளிக்கப் போனபோது அவருடைய போனை எடுத்துப் பார்த்தேன். வங்கிக் கணக்கில் தங்கும் விடுதிச் செலவு ஏதும் இருக்கிறதா என்று தேடினேன். அவரும் அந்த வாரம் என்னிடம் இரண்டொரு கேள்வி கேட்டார். என் பழைய அலுவலகத்தைப் பற்றி, சாதாரணமாகக் கேட்பதுபோல. ஒரே படுக்கையில் படுத்துக்கொண்டு இருவரும் மனதுக்குள் நாட்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

‘யாரிடமிருந்து வந்தது?’ என்ற கேள்வியை மருத்துவர் கேட்பதற்கு முன்பே நாங்கள் கேட்டுவிட்டோம். விடையே இல்லாத கேள்வி இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு சுலபமாக எங்கள் இருவர் வாயிலும் வந்து உட்கார்ந்தது எப்படி என்பதுதான் பிறகு என்னை உறுத்தியது.

பெயரிலேயே தீர்ப்பு

பால்வினை நோய்களுக்குப் பெயர் வைத்த வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் வயது தெரியும். சிபிலிஸ் நோயைத் தமிழில் ‘பறங்கிப்புண்’ என்றார்கள். பறங்கியர் கொண்டுவந்தது என்று அர்த்தம். அதற்கு மருந்தாகக் கொடுத்த கிழங்குக்கும் ‘பறங்கிப்பட்டை’ என்றே பெயர். இது தமிழர்களின் தனிக்குணம் ஒன்றும் இல்லை. அதே நோயை இத்தாலியர்கள் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். நோய் எப்போதும் அடுத்த ஊர்க்காரனுடையது.

ஊருக்கு வெளியே ஆள் கிடைக்காதபோது வீட்டுக்குள் ஆள் தேட வேண்டும். அதற்கும் நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது: ‘பொம்பளை சீக்கு’. இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று கேட்டுப் பாருங்கள். பெண்களுக்கு வரும் சீக்கு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆணுக்கு வருவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். “அவனுக்குப் பொம்பளை சீக்கு” என்றால், பெண்ணிடம் போய் வாங்கி வந்த நோய் என்று பொருள். நோயாளி ஆண், நோய்க்குப் பெயர் பெண். அந்த ஆண் வீட்டுக்கு வந்து மனைவிக்கு அதைக் கொடுத்தால் அதற்கு ‘ஆம்பளை சீக்கு’ என்று ஏன் பெயர் வரவில்லை? அந்த மனைவிக்கு வந்த நோயைச் சொல்ல இந்த வகையில் ஒரு சொல்லே இல்லை. அவள் நோயாளியாகக்கூட மொழிக்குள் வரவில்லை.

சட்டமும் இதே இலக்கணத்தில்தான் எழுதப்பட்டது. பிரிட்டனில் 1864 முதல் 1869 வரை படிப்படியாகக் கொண்டுவரப்பட்ட தொற்றுநோய்கள் சட்டங்கள் 1868இல் இந்தியாவுக்கும் வந்தன. படைவீரர்களுக்குப் பால்வினை நோய் பரவுவதைத் தடுப்பது நோக்கம். அதற்குச் செய்தது என்ன? பாலியல் தொழிலாளர் என்று பதிவு செய்யப்பட்ட பெண்களைக் கட்டாய உடற்பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். நோய் இருந்தால் ‘லாக் ஹாஸ்பிடல்’ எனப்பட்ட மருத்துவமனைகளில் அடைத்தார்கள். சென்னையிலும் அப்படி ஒன்று இருந்தது. அவர்களிடம் போன ஆண்களை அந்தச் சட்டம் மேசையில் படுக்கச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஜோசஃபின் பட்லரும் அவரோடு நின்ற பெண்களும் இந்த இரட்டை நியாயத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே 1886இல் அங்கே சட்டம் விலக்கப்பட்டது. இந்தியாவில் 1888இல் போனது.

சட்டம் போனாலும் ‘பெண்ணைப் பரிசோதி, ஆணைக் காத்திருக்கச் சொல்’ என்ற பழக்கம் போகவில்லை. கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் இணையரை நினைக்கும்போது அது புரிகிறது.

ஒரு தொற்று, இரண்டு வாசல்

நாங்கள் முதலில் போனது ஒரு தனியார் தோல் மருத்துவரிடம். அங்கே என்னிடம், “லேடீஸ் ப்ராப்ளம், கைனகாலஜிஸ்ட்டைப் பாருங்க” என்றார்கள். மகப்பேறு மருத்துவரிடம் போனால் வாசலிலேயே ‘ஆண்களுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதியிருந்தது. அங்குள்ள பெண்களின் அந்தரங்கத்துக்காக எழுதப்பட்ட பலகை, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். ஆணின் மரு தோல் பிரிவுக்குச் சொந்தம், பெண்ணின் மரு மகப்பேறு பிரிவுக்குச் சொந்தம். இருவருக்கும் பொதுவான தொற்றை ஒன்றாகப் பார்க்க ஒரு மேசை இல்லை. என்னிடம் சொன்னதை அவர் கேட்கவில்லை, அவரிடம் சொன்னதை நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பாதிகளை ஒட்டிப் பார்த்தால் பொருந்தவில்லை.

அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ‘சுகவாழ்வு மையம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கூச்சமில்லாமல் வருவதற்காக வைத்த பெயர். ஆண், பெண், திருநர் யார் வந்தாலும் இலவசமாகப் பார்க்க வேண்டிய இடம் அது. எங்களைப் போன்ற நடுத்தர வர்க்கத்தார் அங்கே போகாததற்குக் காரணம் வசதிக் குறைவு என்று சொல்லிக்கொள்வோம். வரிசையில் யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்பதுதான் உண்மையான காரணம். எனக்கும் அதுதான்.

சிகிச்சை ஒன்றும் மர்மம் இல்லை. மருத்துவர் கையால் போடும் அமிலப் பூச்சு, திரவ நைட்ரஜனில் உறைய வைப்பது, மின்சூட்டில் எரிப்பது, வீட்டிலேயே தடவிக்கொள்ளும் களிம்புகள் என்று பல வழிகள் உண்டு. கர்ப்பமாக இருந்தால் சில களிம்புகளைத் தொடக் கூடாது, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்த வழியில் போனாலும் மருவைத்தான் அகற்ற முடியும். வைரஸை விரட்டும் மருந்து இல்லை, அதை உடல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்று மாதங்களில் மரு திரும்ப வருவது சகஜம். இதை யாராவது முன்கூட்டிச் சொல்லாவிட்டால், திரும்ப வரும் ஒவ்வொரு மருவும் வீட்டில் ஒரு புது விசாரணையைத் தொடங்கி வைக்கும். எங்கள் வீட்டில் தொடங்கி வைத்தது.

கிரந்தி, வெட்டை போன்ற நோய்களில் இணையருக்கும் சேர்த்து மருந்து தர வேண்டும் என்பது நெறிமுறை. ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவரிடமிருந்து மறுபடி தொற்றிவிடும். ஹெச்பிவியில் அப்படி இல்லை. மரு இல்லாத இணையருக்குச் சிகிச்சை கிடையாது. ஆண்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட ஹெச்பிவி பரிசோதனையும் கிடையாது. பெண்களுக்குச் செய்யும் ஹெச்பிவி பரிசோதனைகூடக் கருப்பைவாயில் புற்றுநோய் வகைகளைத் தேடுவதற்குத்தான். மருவை உண்டாக்கும் வகைகளை அது தேடுவதில்லை. எனவே “உனக்கு இருக்கு, எனக்கு டெஸ்ட்ல ஒண்ணும் இல்லை” என்று எந்தக் கணவராவது சொன்னால், அப்படி ஒரு டெஸ்ட் இல்லை என்று அவருக்குச் சொல்லுங்கள்.

ஆனால் இணையரை வரச் சொல்லிக் கண்ணால் பார்த்துப் பரிசோதிக்கலாம். மரு இருக்கிறதா என்று தேடலாம். இருவருக்கும் எச்.ஐ.வி., சிபிலிஸ் போன்ற மற்றப் பரிசோதனைகளைச் செய்யலாம். முக்கியமாக, இருவரையும் உட்கார வைத்து, “இது எப்போது வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது, அதில் உங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள்” என்று ஐந்து நிமிடம் பேசலாம். அந்த ஐந்து நிமிடம்தான் எந்தப் பிரிவிலும் யாருடைய வேலையாகவும் இல்லை.

சுவரொட்டியில் இல்லாத ஆள்

காத்திருந்த அறையின் சுவரில் கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றி ஒரு சுவரொட்டி இருந்தது. நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். அம்மாவும் மகளும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிப்பார்கள். கீழே ‘யாருக்கு வரலாம்?’ என்று ஒரு பட்டியல். இளம் வயதில் திருமணம். அதிகக் குழந்தைப் பேறு. பலருடன் பாலுறவு. அந்தரங்கச் சுத்தமின்மை.

இந்தப் பட்டியலை இலக்கணப்படி வாசித்தால் ஒவ்வொரு வரிக்கும் எழுவாய் பெண். இளம் வயதில் திருமணம் செய்துகொண்டவள் அவள். அதிகம் பெற்றவள் அவள். பலரோடு போனவள் அவள். கழுவாதவள் அவள். பதினாறு வயதில் ஒரு பெண் ‘திருமணம் செய்துகொள்வது’ இல்லை; அவளுக்குச் செய்து வைக்கிறார்கள். அவளுக்குச் செய்யப்பட்ட ஒன்று, சுவரொட்டியில் அவளுடைய நடத்தையாகிவிடுகிறது. அந்தரங்கச் சுத்தம் என்பதும் அப்படித்தான். இது தோல் வழி வரும் வைரஸ். சோப்பு போட்டால் போகாது.

இந்தப் பட்டியலின் பூர்வீகம் பழையது. இத்தாலிய மருத்துவர் ரிகோனி-ஸ்டெர்ன் 1842இல் வெரோனா நகரின் இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து, கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடம் அதிகமாகவும் கன்னியாஸ்திரிகளிடம் அரிதாகவும் இருப்பதைக் காட்டினார். அதிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆய்வாளர்கள் பெண்ணின் பாலுறவு வாழ்க்கையைத் துருவித் துருவிக் கேட்டார்கள்: எத்தனை வயதில், எத்தனை பேரோடு, எத்தனை முறை. ஒரே கணவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் இந்த நோய் வருகிறதே, கணவரிடம் கேட்போமா என்பது மிகத் தாமதமாக வந்த யோசனை. இந்த நோயில் ‘ஆண் காரணி’யின் முக்கியத்துவத்தை வலியுறுத்தி ஒரு கட்டுரை லான்செட் இதழில் வெளியானது 1982இல். ஹரால்ட் சுர் ஹௌசன் குழுவினர் ஹெச்பிவி 16, 18 வகைகளைக் கருப்பைவாய்ப் புற்றுக் கட்டிகளில் கண்டறிந்தது 1983, 84இல். அதற்காக அவருக்கு 2008இல் நோபெல் கிடைத்தது. நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. நம் சுவரொட்டிக்கு அந்த ‘ஆண் காரணி’ இன்னும் வந்து சேரவில்லை. கணவரின் கடந்த காலம் என்று ஒரு வரி அதில் இல்லை.

உலகில் 15 வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதாவதொரு பிறப்புறுப்பு ஹெச்பிவி தொற்று இருக்கிறது என்று 2023இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஆண்குறி, ஆசனவாய், தொண்டைப் புற்றுநோய்களிலும் இந்த வைரஸுக்குப் பங்கு உண்டு. ஆண்களைப் பட்டியலில் சேர்ப்பது அவர்களைக் குற்றவாளியாக்க என்று நினைக்க வேண்டாம். அவர்களும் நோயாளிகள்தான்; அது அவர்களுக்கே தெரியாது.

ஆணைச் சேர்த்துக்கொண்டால் மருத்துவமே மாறும் என்பதற்கு அண்மையில் ஓர் உதாரணம் கிடைத்தது. பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று ஒரு பிரச்சினை. வெள்ளைப்படுதல், துர்நாற்றம் என்று பெண்கள் திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போவார்கள். மாத்திரை தருவார்கள், சில வாரங்களில் மறுபடி வரும். அது பெண்ணின் உடல் சமாச்சாரம், சுத்தமாக இரும்மா என்பார்கள். 2025இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்து பார்த்தார்கள். ஒரு பகுதியினரில் ஆண் இணையருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். பெண்ணுக்கு மட்டும் மருந்து தந்த குழுவில் 12 வாரங்களுக்குள் 63 சதவீதத்தினருக்குத் திரும்ப வந்தது. இருவருக்கும் தந்த குழுவில் 35 சதவீதத்தினருக்கு மட்டும். எத்தனை தலைமுறைப் பெண்கள் ‘சுத்தமாக இரு’ என்ற அறிவுரையை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து வெளியே வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மகளுக்கு ஊசி

தடுப்பூசியைப் பற்றியும் பேச வேண்டும், கவனமாக. இந்தியாவில் 2022 கணக்குப்படி ஓராண்டில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். இதைத் தடுக்கும் ஊசியை நான் ஆதரிக்கிறேன். சீரம் நிறுவனத்தின் ‘செர்வாவேக்’ ஊசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. அது 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கும் எதிரானது. மருவையும் தடுக்கும், புற்றுநோயையும் தடுக்கும். சிறுமிகள், சிறுவர்கள் இருவருக்கும் போட அனுமதி உண்டு. ஆனால் ஏற்கெனவே வந்த தொற்றைக் குணப்படுத்தாது.

அனுமதி இருவருக்கும் இருக்க, பேச்சு முழுவதும் மகள்களைப் பற்றியே இருக்கிறது. 2024 இடைக்கால பட்ஜெட்டில் ஒன்றிய அரசு பேசியது 9 முதல் 14 வயதுச் சிறுமிகளைப் பற்றி. தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்ததும் 14 வயதுச் சிறுமிகளுக்கு. பணமும் மருந்தும் குறைவாக இருக்கும்போது உயிராபத்து அதிகம் உள்ளவர்களுக்கு முதலில் போடுவது சரியான கணக்கு. பெரும்பான்மைச் சிறுமிகளுக்குப் போட்டால் ஆண்களுக்கும் மறைமுகப் பாதுகாப்பு கிடைக்கும் என்பதும் உண்மை. ஆஸ்திரேலியாவில் 2007இல் சிறுமிகளுக்குத் தொடங்கிய பிறகு இளம் ஆண்களிடமும் மரு வெகுவாகக் குறைந்தது. அவர்கள் அதோடு நிற்காமல் 2013இல் சிறுவர்களையும் சேர்த்தார்கள்.

என் கேள்வி கணக்கைப் பற்றியது இல்லை, கதையைப் பற்றியது. மகளுக்கு ஊசி போடுங்கள் என்று சொல்லும்போது, எதற்காக, யார் வழியாக வரும் வைரஸுக்காக என்று நாம் சொல்வதில்லை. ‘புற்றுநோய் ஊசி’ என்று சொல்லிப் பாலுறவை மறைக்கிறோம். மகனுக்கு அந்தப் பேச்சே தேவையில்லாமல் போகிறது. இருவருக்கும் பொதுவான தொற்றின் பொறுப்பை இன்னொரு தலைமுறைப் பெண்ணின் தோளில் ஏற்றிவிடுகிறோம். 2009இல் ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்ததையும் மறக்க முடியாது. செயல்விளக்கத் திட்டம் என்ற பெயரில் சிறுமிகளுக்கு ஹெச்பிவி ஊசி போட்டார்கள். கம்மத்தில் பழங்குடிச் சிறுமிகள் தங்கிய விடுதிகளில் பெற்றோருக்குப் பதில் வார்டன்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்கள். சில சிறுமிகள் இறந்தார்கள். இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பு இல்லை என்றது விசாரணை. ஆனால் ஒப்புதல் பெற்ற விதத்தை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்லதாகவே இருந்தாலும் ஒரு பெண்ணின் உடலுக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட முடியாது.

ஊசி போடும் வயதைக் கடந்துவிட்ட அம்மாக்களின் நிலைமை இதைவிட மோசம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாடு எவ்வளவோ மேல். அங்கும் பத்து சதவீதத்தைத் தொடவில்லை. அதே கணக்கெடுப்பில் பெண் கருத்தடை சுமார் 38 சதவீதம், ஆண் கருத்தடை 0.3 சதவீதம். பிள்ளை பெறுவதை நிறுத்த வேண்டுமென்றால் பெண்ணின் கருப்பையைத் தேடி வரும் சுகாதாரத் துறை, அதே கருப்பையின் வாயில் புற்று இருக்கிறதா என்று பார்க்க மட்டும் வருவதில்லை.

சேர்ந்து போவது என்றால்

அப்படியானால் தம்பதியாகத்தான் வர வேண்டும் என்று விதி வைக்கலாமா? கூடாது. இதில் நான் முதலில் நினைத்ததை மாற்றிக்கொண்டேன்.

மருத்துவர் என்னிடம் தனியாகப் பேசியது தவறு இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அடிக்கிற கணவரோடு வந்திருக்கும் ஒரு பெண் அவர் எதிரில் எதைச் சொல்வாள்? “புருஷனைக் கூட்டிட்டு வாம்மா, அப்பத்தான் பார்ப்பேன்” என்று சொன்னால், கூட்டிவர முடியாத பெண்கள் சிகிச்சை இல்லாமலே திரும்பிப் போவார்கள். திருமணமாகாதவர்கள், பெண்ணை நேசிக்கும் பெண்கள், திருநங்கைகள், கணவர் வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அந்த விதி மூடிய கதவாகிவிடும். இந்து திருமணச் சட்டத்தில், தொற்றும் நிலையிலுள்ள பால்வினை நோய் மணவிலக்குக்கு ஒரு காரணமாக இடம்பெற்றிருக்கிறது. மருத்துவச் சீட்டில் எழுதும் ஒரு வரி நாளை யார் கையில் எப்படிப் போகும் என்று ஒரு பெண் பயப்படுவது வீண் பயம் இல்லை.

தனியாகப் பேசியது சரி. என்னிடம் கேட்ட கேள்வியை அவரிடமும் தனியாகக் கேட்கவில்லை, அதுதான் தவறு. கேட்ட கேள்வியும் தவறு. ‘கல்யாணத்துக்கு முன்னாடி’ என்ற கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் என் சிகிச்சை மாறப் போவதில்லை. ‘கர்ப்பமாக இருக்கிறீர்களா, வேறு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறீர்களா, வீட்டில் இதைப் பாதுகாப்பாகப் பேச முடிகிறதா’ என்ற கேள்விகளுக்குத்தான் சிகிச்சை மாறும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சில வீடுகளில் கணவர் உண்மையிலேயே ஏமாற்றியிருப்பார். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு. ஆனால் அதற்கு மருவைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. அவரை விடுவிக்கவும் அது உதவாது, மாட்டிவிடவும் உதவாது. நம்பிக்கையைப் பற்றிய பேச்சை நம்பிக்கையைப் பற்றிய பேச்சாகத்தான் நடத்த வேண்டும். நாங்கள் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நடத்தினோம். போனைப் பார்த்ததைச் சொன்னேன். பழைய அலுவலகத்தைப் பற்றி ஏன் கேட்டார் என்று அவரும் சொன்னார். இருவருக்கும் வெட்கமாக இருந்தது.

அடுத்த முறை போனபோது கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனோம். வேறு மருத்துவர். என்னைப் பார்த்து முடித்ததும் நான் கேட்டேன்: “டாக்டர், இவரையும் பார்க்கிறீங்களா?” அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டுவிட்டு, “உங்களுக்கு ஏதாவது இருக்கா சார்?” என்றார். “எனக்குத் தெரியலை, பார்த்துச் சொல்லுங்க” என்றார் என் இணையர். இப்போது அவர் மேசையில் படுத்தார், நான் நாற்காலியில் இருந்தேன். அவருக்கும் இரண்டு மரு இருந்தது. சின்னது, அவராகப் பார்க்க முடியாத இடத்தில். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை எந்த மருத்துவரும் தேடவில்லை.

அதைக் கேட்டபோது எனக்குள் ஒரு நொடி, ‘அப்படியானால் அவர்தானா?’ என்று பழைய கேள்வி தலைதூக்கியது. அது ஒன்றையும் நிரூபிக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தும் தலைதூக்கியது. இதையும் எழுதிவைக்கிறேன்.

இருவருக்கும் அன்றே திரவ நைட்ரஜன் வைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தோம். சீட்டைப் பார்த்தால் என் பெயர் மட்டும் இருந்தது. அவருக்குச் செய்ததையும் என் சீட்டிலேயே எழுதியிருந்தார்கள். திரும்பப் போய் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னோம். “ஒரே ஃபேமிலிதானே மேடம்?” என்றார். “ஃபேமிலிதான், ஆனா பேஷன்ட் ரெண்டு பேர்” என்றேன். அவர் இன்னொரு சீட்டு எடுத்து, இணையரின் பெயரைக் கேட்டு எழுதினார். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள், இருவரையும்.